மூன்றாம் மாடி டிரம்ஸ் தாதா

உலகத்தில் பாட்டு என்று ஒன்று இருப்பதே, டிரம்ஸ் வாசிக்கிறவர் நடுநடுவே ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும் என்பதற்காகத்தான் என்று மனமார நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அப்படி நம்பியவர் இந்தப் பூமியில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் இருந்திருந்தால் இருவரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்திருப்பார்கள். கொல்கத்தாவில் சங்கம் ஆரம்பிக்க இரண்டு பேர் போதும். மூன்றாமவர் சேர்ந்தால் அது இரண்டாக உடையும்.

அவருடைய உண்மையான பெயர் அவர் வீட்டு வாசலில் ஒரு பலகையில் வங்காள எழுத்தில் இருந்தது. எனக்கு வங்காளம் படிக்க வராது. நான்கு வருஷம் அதே கட்டடத்தில் குடியிருந்தும் அந்தப் பலகையை யாரிடமும் படித்துக் காட்டச் சொன்னதில்லை. தேவைப்படவில்லை. பால்காரர், கூரியர்காரர், மீன்காரர் எல்லோருக்கும் அவர் ‘டிரம்ஸ் தாதா’.

இந்தப் பெயரால் முதல் நாளே எங்கள் வீட்டில் கலவரம். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து, ஜாதவ்பூர் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நானும் மனைவி ஜெயந்தியும் குடிபுகுந்த நாள் அது. பெட்டிகளைத் தூக்கி வந்த ஆள், மேலே கையைக் காட்டி, “ஊப்பர் டிரம்ஸ் தாதா ரெஹ்தா ஹை” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயந்தி கையிலிருந்த குத்துவிளக்கைத் தரையில் வைத்துவிட்டாள்.

“ஏங்க, மேல ஒரு தாதா இருக்காராம். ஆளைப் போட்டு டிரம்முக்குள்ள அடைக்கிறவரா இருப்பாரோ?”

“வங்காளத்துல தாதான்னா அண்ணன்னு அர்த்தம் ஜெயந்தி.”

“மதுரையில மட்டும் என்னவாம்? அந்த மாதிரி ஆளுங்கள அண்ணேன்னுதானே கூப்புடுறாங்க!”

அதற்குள் கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஒல்லியாக, உயரமாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். தொளதொள பைஜாமா, நீள ஜிப்பா, கையில் ஒரு தூக்கு.

“நமஸ்காரம் சார். மேலே இருக்கேன். நானும் தமிழ்தான். தாத்தா காலத்துல கும்பகோணத்துலேர்ந்து வந்தது. தயிர்சாதம் கொண்டுவந்திருக்கேன். இன்னிக்கு பௌதி அடுப்பு மூட்ட வேண்டாம்.”

பௌதி என்றால் அண்ணி. தன்னைவிட இருபது வயது சின்னவளை அண்ணி என்று கூப்பிட்ட தாதாவைப் பார்த்து ஜெயந்தி கொஞ்சம் தெம்பானாள். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரித்துப் போட்டிருந்த சாமான்களுக்கு நடுவே கிடந்த வெண்கலத் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து எடுத்தார். விரல் நுனியில் தொங்கவிட்டு நகத்தால் ஒரு சுண்டு. காதருகே வைத்துக் கண்ணை மூடினார். சத்தம் முழுக்க அடங்கும்வரை நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

“இது எங்கே வாங்கினது பௌதி?”

“கல்யாணத்துக்கு அம்மா வீட்டுல குடுத்ததுங்க.”

“ஏக்தம் சிம்பல்! டிரம்ஸோட வெண்கலத் தட்டு, அசல் அதே! இதுல போய் நீங்க பூவும் பழமுமா வெக்கறேள்? ஐயோ பாவம்.”

பாவம் என்றது எங்களையா தாம்பாளத்தையா என்று கடைசிவரை தெரியவில்லை.

கார்டன் ரீச் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், தபால் அனுப்பும் பிரிவில் அவருக்கு வேலை. கல்யாணம் ஆகவில்லை. அது ஏன் என்பதை அவரே ஒரு நாள் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். இளவயதில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண் பாடியிருக்கிறாள்.

“நன்னாத்தான் பாடினா சார். பொண்ணோட அப்பா, ‘எப்படி இருந்தது?’ன்னு கேட்டார். ‘இதுக்கு யாரு வாசிப்பா?’ன்னு கேட்டேன். அவ்வளவுதான். பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துண்டு போயிட்டா.” சற்று நிறுத்தி, “அரை பஜ்ஜி பாக்கி இருந்தது” என்றார்.

குடிபுகுந்த இரண்டாம் மாதம் என்னை ஒரு ராக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். பக்கத்துப் பேட்டை மைதானம். ஆயிரம் பேர் மேடைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்க, இவர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுக்குப் போனார்.

“இங்கேர்ந்து பாடுறவரோட முதுகுதானே சார் தெரியும்?”

“அதுவே ஜாஸ்தி” என்றார் தாதா.

பாடகர் கண்ணை மூடிக் காதல் தோல்வியைப் பாட ஆரம்பித்தார். ஜனங்கள் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஆடினார்கள். பெண்கள் அழுதார்கள். தாதா தூங்கினார். நிஜமாகவே குறட்டை வந்தது. பாட்டின் உச்சத்தில் பாடகர் சட்டென்று நிறுத்தி, தலையைத் தொங்கப் போட்டார். மைதானமே நிசப்தம். அந்த நிசப்தத்தில் தாதா விழித்து, எழுந்து நின்று, “ஆஹா! தாருண்! தாருண்!” என்று கத்தினார். பிரமாதம் என்று அர்த்தம்.

பாடகர் நெகிழ்ந்துபோய் எங்கள் பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

“உங்களை இல்லை! உங்களை இல்லை!” என்று தாதா வங்காளத்தில் கையை வீசினார். “பின்னாடி இருக்கறவரை! அந்த இடத்துல அடிக்காம விட்டார் பாருங்கோ!”

அந்தப் பாடகர் அப்புறம் அந்தப் பேட்டைக்கே வரவில்லை என்று கேள்வி.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். பாடகரைத் தாண்டி, கிடார்காரர் நீட்டிய கையையும் தாண்டி, ஓரமாகக் குனிந்து சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த டிரம்மரிடம் போய் நின்றார் தாதா. தோள்பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்தார்.

“வலது கணுக்கால் எப்படி இருக்கு? மூணாவது பாட்டுலேர்ந்து கஷ்டப்பட்டுண்டு இருக்கேளே.”

அந்த ஆள் கையிலிருந்த திருகாணியைக் கீழே போட்டுவிட்டார். “தாதா, இதை எங்கம்மாகூட என்னைக் கேட்டதில்லை” என்றார். தாதா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தார். ஐந்து நிமிஷம். எங்கள் அலுவலகத்தில் டைரக்டருக்குக்கூட யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. செய்ய ஆசைப்பட்டவர்கள் உண்டு.

திரும்பி வரும்போது, “அப்படி என்ன சார் டிரம்மர்ங்க மேல?” என்று கேட்டேன்.

“முன்னாடி நிக்கறவனுக்கு மாலை. பக்கத்துல நிக்கறவனுக்குக் கைதட்டல். பின்னாடி உட்கார்ந்து அத்தனை பேரையும் தூக்கிண்டு போறவனுக்கு என்ன சார் இருக்கு? முதல்ல வரவனும் அவன்தான், கடைசில போறவனும் அவன்தான். எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போனப்புறம் அவன் மட்டும் ஸ்டாண்டை மடக்கிண்டு இருப்பான்.” தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு, “ஒரு சிகரெட் சாப்பிடறேளா?” என்றார். வங்காளத்தில் தண்ணீரையும் புகையையும்கூடச் சாப்பிடத்தான் செய்வார்கள். அவர் தமிழிலும் அப்படியே சாப்பிட்டார்.

மூன்றாவது வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம். நகரத்தில் ஏதோ ஒரு பழைய ஹோட்டலின் இசைக்குழு கலைந்து, அவர்களுடைய டிரம் செட் விலைக்கு வந்தது. தாதா வாங்கிவிட்டார். கொண்டுவருவதற்குத் துணையாக என்னைக் கூப்பிட்டார். மஞ்சள் டாக்ஸியின் பின்சீட்டில் பெரிய பேஸ் டிரம் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த இடத்தில் நான். என் மடியில் ஒரு டிரம், காலிடுக்கில் இரண்டு, கழுத்துக்குப் பக்கத்தில் ஆளை அறுக்கிற மாதிரி ஒரு சிம்பல். முன்சீட்டில் உட்கார்ந்த தாதா வழிநெடுகத் திரும்பித் திரும்பி, “சௌகரியமா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் மூன்று தடவை “இருக்கு சார்” என்றேன். நாலாவது தடவைதான் அவர் என்னைக் கேட்கவில்லை என்று புரிந்தது.

அதை அவர் தன் கூடத்தில் நிறுத்தி வைத்த அழகைச் சொல்ல வேண்டும். சோபாவை வெளியேற்றிவிட்டார். ஒவ்வொன்றாக எனக்கு அறிமுகம் செய்து வைத்தார், கல்யாண வீட்டில் சம்பந்திகளை அறிமுகம் செய்கிற மாதிரி.

“இது பேஸ் டிரம். வீட்டுக்குப் பெரியவர். பேசறது கம்மி. பேசினா காதுல கேக்காது, வயித்துல கேக்கும். இது ஹை-ஹாட். பாருங்கோ, ரெண்டு தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு. மாமியாரும் மாட்டுப்பொண்ணும். வாயை மூடிண்டு இருந்தா டிக் டிக்குனு குடும்பம் நடக்கும். திறந்தா ஷ்ஷ்ஷ்! இது கிராஷ் சிம்பல். ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஓவரா அழற அத்தை ஒருத்தி இருப்பாளே, அவ. ஒரு தடவை அழுதா நன்னா இருக்கும்.”

“இது?”

“ஸ்நேர். இவர்தான் ஆபத்து. அடிவயித்துல கம்பிச்சரம் கட்டியிருக்கா பாருங்கோ. எவனோ எங்கேயோ ஏதோ சொன்னா, இவர் இங்கே சலசலம்பார். வம்புக்காரர்.”

நான் பயபக்தியோடு கேட்டேன்: “எப்ப சார் வாசிப்பீங்க?”

தாதா என்னை, கோயிலுக்கு வந்து சாமியிடம் பீடி கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

டிரம் செட் வந்த செய்தி ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லோரும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் நாள் சத்தமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஒரு வாரம் ஓடியது. மேல்மாடியில் ஒரு ‘டொக்’கூட இல்லை. அந்த நிசப்தத்தைத் தாங்க முடியாமல்தான் ஜனங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. “எப்பங்க ஆரம்பிப்பாரு? சொல்லிட்டா குக்கரை அதுக்கு முன்னாடி எறக்கிருவேன்” என்று ஜெயந்தி தினமும் கேட்டாள்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ் என்று. பாம்பு சீறுகிற மாதிரி, விடாமல்.

“கேஸ்!” என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். நாலு மாடி ஜனமும் தெருவில். ஜெயந்தி சிலிண்டரை மூடிவிட்டு, பாஸ்போர்ட்டையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் மாடியிலிருந்த ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி புரொபசர் மூக்கை உயர்த்தி, “சந்தேகமே இல்லை, கேஸ்தான், வாடை வருகிறது” என்று தீர்ப்பளித்தார். அது அவர் கையிலிருந்த மீன் பையின் வாடை என்று பிற்பாடு தெரிந்தது. கேஸ் ஏஜென்சி ஆள் வந்து ஒவ்வொரு வீடாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சத்தமும் நின்றுவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி ஸ்ஸ்ஸ்ஸ். மறுபடி தெரு. மறுபடி ஊறுகாய் ஜாடி.

மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்தவர் கோஷ் தீதி.

கோஷ் தீதி தரைத்தளத்தில் குடியிருந்தார். தீதி என்றால் அக்கா; ஆனால் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் பாசமாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய பேங்க் ஆபீசர். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. மாடிப்படியில் துப்பாதே, மாடியில் வடாம் காயவைக்காதே என்று வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார். வடாம் நோட்டீஸ் முழுக்க முழுக்க ஜெயந்திக்காக எழுதப்பட்டது.

சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே கோஷ் தீதி ஒரு படி விடாமல் ஏறி, தாதா வீட்டு வாசலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கீழே வந்து தண்ணீர் மோட்டாரை அணைத்தார். சத்தம் நின்றது. போட்டார். ஸ்ஸ்ஸ். அணைத்தார். நின்றது. விஷயம் இதுதான்: ஏழு மணிக்கு மோட்டார் ஓடும். தொட்டிக்குப் போகும் குழாய் தாதா வீட்டுச் சுவர் வழியாகப் போகிறது. குழாய் அதிர, அந்த வம்புக்கார ஸ்நேர் சலசலத்திருக்கிறது. அதே குழாய்ச் சந்து அந்தச் சலசலப்பைக் கட்டடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதுவரை கூடத்து நடுவில் இருந்த டிரம் செட்டை ஏழாம் நாள் சுவரோரமாக நகர்த்தி வைத்ததுதான் தாதா செய்த ஒரே குற்றம்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நீதிபதிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தாதா நடுவில் நின்றார்.

“ஒரு தடவையாவது நான் வாசிச்சு யாராவது கேட்டிருக்கேளா?” என்றார் வங்காளத்தில்.

“வாசித்திருந்தால் இது டிரம்ஸ் என்று தெரிந்திருக்கும். நாங்கள் பாட்டுக்குத் திட்டிவிட்டுப் பல் தேய்த்திருப்போம்” என்றார் புரொபசர். “வாசிக்காததால்தான் மூன்று நாள் தெருவில் நின்றோம்.”

கோஷ் தீதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார். துர்கா பூஜை முடிந்ததும் அந்தச் சாமான் மூன்றாம் மாடியில் இருக்கக் கூடாது. அதுவரைக்கும், “ஸ்நேருக்குப் பக்கத்தில் இருக்கிற லிவரை இறக்கி வையுங்கள். கம்பி விலகிவிடும். சலசலக்காது” என்றார்.

தாதாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். டிரம் செட் போகப்போகிற துக்கம் என்று நினைத்தேன்.

“தீதி, உங்களுக்கு அந்த லிவரைப் பற்றி எப்படித் தெரியும்?”

“யூடியூப்” என்று சொல்லிவிட்டு கோஷ் தீதி நோட்டை மூடினார்.

பூஜை வந்தது. பந்தலில் தாக்கி என்று சொல்லும் மேளக்காரர்கள், தோளில் தொங்கும், இறகு கட்டிய ‘தாக்’ மேளத்தைச் சாய்த்துப் பிடித்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட, தாதா என் காதில் குனிந்தார்.

“சார், கோஷ் தீதியோட இடது காலைப் பார்த்தேளா?”

“சார்!” என்று பதறினேன்.

“குதிகால் மட்டும் மேலே போயிட்டுப் போயிட்டு வருது பாருங்கோ. வலது கால் தனியா வேற கணக்குப் போடறது. புடவைக்கு அடியில ரெண்டு காலும் ரெண்டு வேலை பண்றது சார்!”

“அந்தம்மா காலைப் பாக்காதீங்க சார். பூஜை நேரத்துல செருப்படி வாங்கிக் குடுத்துருவீங்க போலிருக்கே!” என்று நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஜெயந்திக்கு அரைகுறையாக விஷயம் காதில் விழுந்து, அன்றைக்குப் பூராவும், “அந்த வயசுல போயி… கல்யாணம் பண்ணி வச்சிருக்கலாம், பஜ்ஜிக்காரங்க கெடுத்துட்டாங்க” என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பூஜை முடிந்த வாரம் விஜயா சம்மிலனி. ஒருவரையொருவர் வாழ்த்தி, இனிப்பு கொடுத்து, சாயங்காலம் கலைநிகழ்ச்சி நடத்துவார்கள். ஜாதவ்பூர் கல்லூரிப் பிள்ளைகளின் இசைக்குழு ஒன்றை வரவழைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியைவிட்டு எப்படியும் கீழே இறங்கத்தான் வேண்டும் என்பதால், டிரம் செட்டை அந்த நிகழ்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்தார் தாதா. காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே சுமந்து இறக்கி, மேடையில் வைத்து, வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அதை எங்கே கொண்டுபோவது என்று அவருக்கே தெரியாது. கேட்டதற்கு, “இன்னிக்கு ஒருத்தர் வாசிக்கப் போறார் சார். அது போதும்” என்றார்.

ஆறு மணிக்குக் குழுவினர் வந்தார்கள். டிரம்மரைக் காணோம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையில் கட்டு என்று செய்தி. கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் முழித்தார்கள். அப்போது புரொபசர் எழுந்து, நாங்கள் யாருமே மறுக்க முடியாத ஒரு யோசனையைச் சொன்னார்: “ஏன், நம் தாதா இருக்கிறாரே!”

“நானா? எனக்குத் தெரியாது!” என்றார் தாதா.

“அடக்கத்தைப் பாருங்கள்!” என்றது கூட்டம்.

“அடக்கம் இல்லை, நிஜமாவே தெரியாது!”

எவ்வளவுக்கெவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கவ்வளவு அவர் பெரிய மேதையாகிக்கொண்டே போனார். நாலு பேர் அவரைத் தூக்காத குறையாக மேடையில் ஏற்றி, ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் குச்சிகளைத் திணித்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், காப்பாற்று என்று எழுதியிருந்தது. நானும் கைதட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிடார் பிள்ளை தலையாட்டினான். தாதா குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எண்ணினார். “ஒன். டூ… த்ரீ ஃபோர்.” எண்ணிக்கையே நொண்டியது. பிறகு அவர் அடித்ததை என்னவென்று சொல்ல? மாடிப்படியில் பாத்திர மூட்டை உருண்டால்கூட அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். கிடார் நின்றது. பாடிய பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது அலை மாதிரி முன்னால் வந்தது. ஒருவர் விசிலடித்தார்.

தாதா குச்சிகளை ஸ்நேரின் மேல் மெதுவாக வைத்தார். எழுந்து மைக்குக்கு வந்தார்.

“நான் ரசிகன். முப்பது வருஷமா யாரும் என்னை வாசிக்கத் தெரியுமான்னு கேட்டதில்லை. கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். அதனால ரசிக்கத் தெரியாதுன்னு ஆகாது.” சிரிப்பு நின்றது. “இந்தக் கூட்டத்துல ஒருத்தருக்குத் தெரியும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாம இருக்கறது அவர் இஷ்டம். நான் எழுந்துட்டேன். ஸ்டூல் காலியா இருக்கு.”

மேடையிலிருந்து இறங்கி, பக்கவாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் கழுத்தைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. நான் கோஷ் தீதியைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். விழாவை முடித்துக்கொள்ளலாம் என்று யாரோ மைக்கைக் கையில் எடுத்தார்கள்.

கோஷ் தீதி கைப்பையைப் பக்கத்திலிருந்த ஜெயந்தியிடம் நீட்டினார். “பிடி” என்றார்.

புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். படியேறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டூலை இரண்டு சுற்றுத் தாழ்த்தினார். ஒரு சிம்பலைத் தன் பக்கம் இழுத்தார். ஹை-ஹாட்டை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். ஸ்நேரின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், அந்த லிவரை மேலே தூக்கிவிட்டார். தாதா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பிறகு கோஷ் தீதி வாசித்தார்.

எனக்கு இசை தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் அடி என் வயிற்றில் கேட்டது. புரொபசர் பல்செட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கல்லூரிப் பிள்ளைகள் பயந்துபோய் ஒழுங்காகப் பாடினார்கள். கோஷ் தீதியின் முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. நோட்டீஸ் ஒட்டும்போது இருக்கும் அதே முகம். ஆனால் கழுத்திலிருந்து கீழே வேறு யாரோ. கல்லூரியில் நாலு பெண்கள் சேர்ந்து குழு வைத்திருந்தார்களாம். இவர்தான் டிரம்ஸ். கல்யாணத்தோடு குச்சியைக் கீழே வைத்தவர், இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் எடுக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவே வேர்வையில் கை வழுக்கி, வலது குச்சி பறந்தது. அது சரியாகப் போய் புரொபசர் மடியிலிருந்த தட்டில், தேங்காய் உருண்டைகளுக்கு நடுவே விழுந்தது. கோஷ் தீதி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை நிறுத்தவும் இல்லை. வெறும் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அந்தக் கை நீண்டு முடிவதற்குள் அதில் ஒரு குச்சி இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாதா, எப்போது எழுந்தார், எப்போது பையிலிருந்து எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு அடிகூட விட்டுப்போகவில்லை. வாழ்நாளில் அந்த ஒரு வினாடி மட்டும் அவருக்குத் தாளம் தப்பவில்லை.

மறுநாள் காலை படிக்கட்டில் நோட்டீஸ். முடிவில் மாற்றமில்லை, டிரம் செட் மறுபடி மூன்றாம் மாடிக்கு ஏறக் கூடாது, கனமான சாமான்களுக்கு உகந்த இடம் தரைத்தளமே, ஒப்பம் செயலாளர். தாதா அதை இரண்டு முறை படித்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கோஷ் தீதி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கட்டடமே குலுங்கும். புகார் சொல்லலாம் என்று கிளம்பியவர்கள், புகாரைச் செயலாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து திரும்பிவிட்டார்கள். தாதா சுத்தமாக உடுத்திக்கொண்டு பத்தேமுக்காலுக்கே கீழே போய்விடுவார், பையில் வலித் தைலத்தோடு.

அடுத்த வருஷம் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

போன வாரம் தாதா போன் செய்தார். விசேஷம் ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். பிறகு, சால்ட் லேக்கில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வருகிற ஒரு கஃபேயில் புதிதாக வாசிக்கிற ஒருவரைப் பற்றி, அவர் மணிக்கட்டைப் பற்றி, அவர் எந்த இடத்தில் எதை அடிக்காமல் விடுகிறார் என்பதைப் பற்றி, நாற்பது நிமிஷம் பேசினார். எனக்கு அதில் பாதி புரியவில்லை, மீதியைக் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஜெயந்தி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் “சொல்லுங்க சார், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் போனை வைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.